விடியற்காலை வெளிச்சமும் நம்மவர் உருவமும்

உலகத்திலே விலையின்றிக் கிடைக்கும் பொருள்களில் மிக உயர்ந்தது எதுவென்று நம்மைக் கேட்டால், விடியற்காலை வெளிச்சம் என்றே சொல்வோம். செல்வனுக்கென்று ஒரு விடியலும் ஏழைக்கென்று ஒரு விடியலும் தனித்தனியே தோன்றுவதில்லை. துரையின் பங்களாக் கூரையையும் லயத்தின் தகரக் கூரையையும் அது ஒரே நிறத்தால்தான் தொடுகிறது. ஆயினும் அதனைக் கண்ணாரக் காண்போர் மிகச் சிலரே. நகரத்தார் அந்நேரத்தில் உறங்குகின்றனர். தோட்டத்தார் அந்நேரத்தில் வேலைக்கு விரைகின்றனர். உறங்குகிறவனுக்கு அது தெரிவதில்லை. விரைகிறவனுக்கு நின்று பார்க்கப் பொழுதில்லை. இவ்விரு சாராருக்கும் இடையே, காமிராவும் கையுமாய்ப் பனியில் நனைந்துகொண்டு நிற்கும் சிறு கூட்டமொன்று உண்டு. அக்கூட்டத்தில் ஒருவராய்ப் பல ஆண்டுகளைக் கழித்துவிட்டமையால், அவ்வெளிச்சத்தின் இயல்பைப் பற்றியும், அதனைப் படமாக்கும் முறையைப் பற்றியும், அப்படத்தில் யார் யார் இடம்பெற வேண்டுமென்பதைப் பற்றியும் நாம் சில சொல்லத் துணிந்தோம்.

முதலில் வெளிச்சத்தின் இயல்பைப் பார்ப்போம். நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும்போது அதன் கதிர், காற்று மண்டலத்தை மிகக் குறுகிய வழியாகக் கடந்து நம்மை வந்தடைகிறது. அடிவானத்தில் நிற்கும்போதோ, அதைப்போல் ஏறத்தாழ 38 மடங்கு காற்றை ஊடுருவிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. அந்த நெடுவழியில் நீலக் கதிர்கள் காற்றணுக்களிற் பட்டுச் சிதறிப்போக, சிவப்பும் மஞ்சளுமே பெரும்பாலும் எஞ்சி வருகின்றன. நீலக் கதிர் சிவப்புக் கதிரைக் காட்டிலும் நான்கு மடங்குக்கு மேல் சிதறுவதன் காரணத்தை, பின்னாளில் ராலே பிரபு எனப் பெயர்பெற்ற ஆங்கில அறிஞர் 1871ஆம் ஆண்டில் கணக்கிட்டு விளக்கினார். ஆகவே வைகறையின் செம்மை எவரோ வானில் பூசிய சாயமன்று. வழியெல்லாம் இழந்தது போக வந்து சேர்ந்த மிச்சமே அது.

இனி அது எத்துணை நேரம் நிற்கும் என்பது கவனிக்கற்பாலது. நம் மலேசியா நிலநடுக்கோட்டிற்கு அண்மையிலுள்ள நாடு. இங்கே சூரியன் சரிந்து சரிந்து ஏறுவதில்லை. ஏணி சார்த்தினாற்போல் நிமிர்ந்தே ஏறுகிறது. வானம் வெளுக்கத் தொடங்கியது முதல் சூரியன் தலைகாட்டுவது வரை ஏறத்தாழ 22 நிமிடம். தலைகாட்டிய பிறகு, பொன்னிறம் மாறி வெள்ளொளியாகும் உயரத்தை அடைய ஏறத்தாழ 25 நிமிடம். கோடைகாலத்து லண்டனில் இந்த ஏற்றத்திற்கு இதைப்போல் இருமடங்கு நேரம் பிடிக்கும். அந்நாட்டுப் படக்காரர் ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டு அடுத்த படத்தை எண்ணிப் பார்க்கலாம். நமக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கே நிற்பது, எதனைச் சட்டத்திற்குள் அடக்குவது என்பவற்றையெல்லாம் இருட்டிலேயே முடிவுசெய்து வைத்துக்கொள்ளாதவன், வெளிச்சம் வந்த பிறகு காமிராவின் திருகுகளைத் தடவிக்கொண்டிருப்பான். அதற்குள் காலைப்பொழுது கைநழுவிப் போய்விடும்.

இந்த அவசரத்தை நாம் எந்தப் புத்தகத்திலும் படித்துக் கற்கவில்லை. நம் தாயாரிடமே கற்றோம். அவர் பேராக் மாநிலத்தில், தாப்பாவிற்குத் தெற்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். 1960களில், நாம் சிறுவராயிருந்த காலத்தில், பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே அவர் எழுந்து வாசலில் நின்று வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பிறகுதான் அடுப்பு மூட்டுவதா, உளியைத் தேடுவதா என்பது தீர்மானமாகும். மேகம் எந்தத் திக்கில் திரண்டிருக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, மலையின் தலை தெளிவாய்த் தெரிகிறதா மறைந்திருக்கிறதா என்பவற்றை அரை நிமிடத்தில் அளந்துவிடுவார்.

அதற்குக் காரணமுண்டு. ரப்பர் மரத்தின் பட்டைக்குள் நீரின் அழுத்தம் விடியலுக்கு முன் மிகுந்திருக்கும்; வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் அழுத்தம் குறைந்து பால் மட்டுப்படும். ஆதலால் இருட்டிலேயே, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட வேண்டும். மழை பெய்துவிட்டாலோ, பட்டை நனைந்து, பால் வெட்டிய கோட்டின் வழியே மங்கில் இறங்காமல் மரத்தின் மேலெல்லாம் வழிந்தோடும். மங்கில் மழைநீர்தான் நிறையும். மழை நாளில் வெட்டு இல்லை; வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. எனவே அவருக்கு வானம் காட்சிப் பொருளாய் இருந்ததில்லை. கணக்குப் புத்தகமாகவே இருந்தது.

பிற்காலத்தில், நாம் நகரத்தில் வேலைக்கமர்ந்து காமிரா ஒன்றும் வாங்கிய பிறகு, ரப்பர்த் தோட்டத்து விடியல் ஒன்றைப் படமெடுத்து, பெரிதாக அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு நம் தாயாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கருத்த மரங்களின் வரிசைக்குப் பின்னால் குங்குமத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் வானம். பார்த்த நண்பர்கள் எல்லோரும் வியந்த படம் அது. தாயார் அதனை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இன்னிக்கி வெட்டு இல்லேப்பா,” என்றார்.

“என்னம்மா சொல்றீங்க?”

“வானம் இப்படிச் செவந்து, கீழே இந்த மாதிரி கருமேகம் படுத்திருந்தா, பத்து மணிக்குள்ளே கொட்டிடும். பால் எடுக்கிறதுக்குள்ளே எல்லாம் போயிடும். பாதிப் பேரு மங்கைக் கவுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க.”

அன்று பத்து மணிக்கு முன்பே மழை கொட்டியது உண்மை. நாம் படத்தை எடுத்துக்கொண்டு காரில் திரும்பியபோது, முன்கண்ணாடியின் துடைப்பான் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. தாயார் அப்படத்தை இகழவில்லை. தம் படுக்கைக்கு எதிர்ச்சுவரிலேயே மாட்டச் சொன்னார். ஆனால் அதனை அவர் பார்த்த பார்வை வேறு. நமக்கு நிறமாய்த் தோன்றியது அவருக்கு ஒருநாட் கூலியின் இழப்பாய்த் தோன்றியது. இரண்டும் உண்மையே. ஒரே வானம் ஒருவனுக்குப் பரிசும் மற்றொருவனுக்குப் பட்டினியும் ஆகக்கூடும் என்பதை அச்சுவரில் தொங்கிய படம் நமக்கு நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. இயற்கைக் காட்சியைப் படமெடுக்கும் நம்மவர் அனைவரும் இதனை மனத்தில் இருத்திக்கொள்வது நலம்.

நிற்க. நாம் அடிக்கடி படமெடுக்கப் போகுமிடம் கேமரன் மலை. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் எனும் நில அளவையாளர் அவ்வுயர்நிலத்தைக் கண்டறிந்து குறித்ததால் அப்பெயர் வந்தது. தாப்பாவிலிருந்து மேலேறும் மலைப்பாதை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாயிற்று. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ தோட்டம் முதலாகத் தேயிலைத் தோட்டங்கள் அங்கே பரவின. காட்டை அழித்துத் தேயிலையை நட்ட கைகளில் தமிழர் கைகள் மிகப் பல. தானா ராத்தா பட்டணம் கடல் மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கு மேலுள்ளது. பிரிஞ்சாங் மலையின் உச்சி 2,000 மீட்டரைத் தாண்டியது. கீழே தாப்பாவில் வியர்த்துக் கொட்டும் இரவில், மேலே கம்பளியைத் தேட வேண்டியிருக்கும்.

அங்கே விடியலை விடியலாக்குவது மூடுபனிதான். மேகமற்ற, காற்றடங்கிய இரவில் மலைச்சரிவின் மண் தன் சூட்டை வானத்திற்கு இழந்து குளிர்கிறது. அதனைத் தொட்ட காற்றும் குளிர்ந்து கனத்து, தண்ணீரைப்போலச் சரிவின் வழியே இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அங்கே அதன் ஈரம் நுண்துளிகளாகி வெண்பனியாய் நிற்கிறது. மேலே நின்று பார்ப்பவர்க்கு, பள்ளத்தாக்கு முழுவதும் பால் ஊற்றி நிரப்பியதுபோலவும், குன்றுகளின் தலைகள் தீவுகள்போலவும் தோன்றும். சூரியன் எழுந்து சரிவைச் சூடாக்கியதும் பனி அசைகிறது. இழை இழையாய்ப் பிரிந்து மேலேறுகிறது. ஒரு பாத்தி தெரிகிறது, மறைகிறது, மற்றொன்று தெரிகிறது. ஒன்பது மணிக்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்துவிடும். முந்திய மாலை மழை பெய்து, இரவில் வானம் தெளிந்துவிட்டால், மறுநாட் காலையில் நல்ல பனியை எதிர்பார்க்கலாம். இரவெல்லாம் மேகம் மூடியிருந்தால் மண்ணின் சூடு வெளியேறாது, பனியும் குறையும்.

இக்காட்சியைப் படமாக்குவோர்க்குச் சில குறிப்புகள் பயன்படும். காமிராவிலுள்ள வெளிச்ச மானி, தான் காணும் பொருள் எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமென்றே எண்ணிக்கொள்ளும். வெண்பனி நிறைந்த காட்சியை அதன் போக்கிலேயே விட்டால், பனியை அழுக்கேறிய வேட்டிபோல் ஆக்கிவிடும். ஆகையால் ஒரு படி வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். சூரியனைச் சட்டத்திற்குள் கொண்டுவந்தாலோ, சிறிது குறைத்தும் கூட்டியும் இரண்டு மூன்று படங்கள் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அறையின் குளிர்ச்சியிலிருந்து காமிராவைத் திடீரென ஈரக் காற்றிற்குக் கொண்டுவந்தால் லென்ஸின் மேல் ஆவி படியும். எனவே பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துப் பிறகு திறத்தல் வேண்டும். மழை ஓய்ந்த காலையில் தேயிலை இலைகள் கண்ணாடிபோல் மின்னும்; அம்மினுக்கத்தைக் குறைத்து இலையின் பச்சையை வெளிக்கொணர, ஒளியை வடிக்கும் போலரைசர் எனும் கண்ணாடியை லென்ஸின் முன் பொருத்தித் திருப்பிப் பார்க்க வேண்டும். இவையெல்லாம் கைப்பழக்கத்தால் வந்துவிடும். கைப்பழக்கத்தால் வராத ஒன்றுண்டு. அதனையே இனிச் சொல்லப் புகுகின்றோம்.

ஒரு நாள் விடியற்காலையில் அம்மலையின் தேயிலைச் சரிவு ஒன்றின் மேலே நாம் நின்றிருந்தோம். நம்முடன் நகரத்து இளைஞர் ஒருவரும் வந்திருந்தார். நல்ல பிள்ளை, கைத்திறமை உடையவர். பனி விலகும் தருணம். கீழே தோட்டப் பாதையில் தொழிலாளர் ஏழெட்டுப் பேர், முதுகில் சாக்கும் தோளில் கொழுந்து வெட்டும் இயந்திரமுமாய் வரிசையாய் நடந்து வந்தனர். இளைஞர் காமிராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

“ஐயா, கொஞ்சம் பொறுங்கள். அவர்கள் போய்விடட்டும், காட்சி கெட்டுவிடும்,” என்றார்.

“தம்பி, அவர்கள் போய்விட்டால் இந்தக் காட்சி இருக்குமா?” என்று கேட்டோம்.

அவர் சிரித்தார்; நாம் விளையாட்டாய்ச் சொன்னதாக எண்ணிக்கொண்டார். விளையாட்டன்று. தேயிலையை வெட்டாமல் விட்டால் அது செடியாய் இராது, மரமாய் வளர்ந்துவிடும். இடுப்பளவில் கவாத்துச் செய்து, கொழுந்தை ஓயாமல் எடுத்துக்கொண்டே இருப்பதனால்தான் அச்சரிவுகள் சீப்பால் வாரிய தலைபோல் வரிவரியாய், பச்சை அலைபோல் மடிந்து கிடக்கின்றன. படக்காரர் பல நூறு கல் கடந்து வந்து “இயற்கையின் கைவண்ணம்” என்று வியக்கும் அவ்வளைவுகள், மனிதக் கைகள் நாள்தோறும் எழுதும் கோடுகள். சில ஆண்டுகள் அக்கைகள் ஓய்ந்தால் காடு வந்து மூடிக்கொள்ளும். ஓவியத்தை வைத்துக்கொண்டு ஓவியனை வெளியே தள்ளுவது என்ன முறை?

புகைப்படக் கலையின் வரலாற்றிலேயே இதற்கு ஓர் உவமை இருக்கின்றது. பிரான்சு நாட்டில் நியெப்ஸ் என்பவர் 1827ஆம் ஆண்டையொட்டித் தம் வீட்டுச் சன்னலிலிருந்து எடுத்த காட்சிதான் இன்று எஞ்சியுள்ள காமிராப் படங்களில் மிகப் பழையது. அதற்குப் பல மணி நேரம் ஒளி வேண்டியிருந்தது. அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டமையால், எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. பின்னர் 1838இல் டகேர் என்பவர் பாரிஸ் நகரத்துப் பெருந்தெரு ஒன்றைப் படமெடுத்தார். அதற்குச் சில நிமிடங்கள் பிடித்தன. வண்டியும் குதிரையும் மக்களும் போய்வரும் அத்தெரு, படத்தில் சுடுகாடுபோல் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஏனெனில், அசைந்தவர் ஒருவரும் தகட்டில் பதியவில்லை. ஓரத்தில் ஒருவர் மட்டும் பதிந்திருக்கிறார். தம் காலணிக்கு மெருகிடக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்றவர் அவர். மெருகிட்டவனோ, குனிந்து கையை ஆட்டிக்கொண்டே இருந்தமையால், வெறும் கறைபோல மங்கித் தெரிகிறான். படத்தில் பதிந்த முதல் மனிதர் என்று உலகம் கொண்டாடுவது, நின்றவரைத்தான்!

இதனை வேடிக்கைக் கதையாக மட்டும் எண்ண வேண்டா. இன்றைய காமிராவிலும் அதே விதிதான். விடியற்காலை வெளிச்சம் குறைவு. கூர்மையான நிலக்காட்சி வேண்டுமென்று மூன்றுகால் தாங்கியில் காமிராவை நிறுத்தி, ஷட்டரை ஒரு நொடி, இரண்டு நொடி திறந்து வைத்தால், மலை அசையாது. அது தெளிவாய் விழும். மலைமேல் வேலை செய்கிறவர் அசைவார். அவர் புகையாய்க் கரைந்துபோவார். இன்னும் நீட்டித்துத் திறந்து வைத்தால் சுவடேயில்லாமல் மறைந்துவிடுவார். ஐஎஸ்ஓ எனும் உணர்திறனை 1600 அளவிற்கு உயர்த்தி, ஷட்டரை நொடியில் 125இல் ஒரு பங்கு மட்டும் திறந்தால், படத்தில் சிறிது மணல் தூவினாற்போல் பரபரப்பு இருக்கும். ஆனால் நடக்கிறவர் நடப்பதாகவே விழுவார், அவர் முதுகுச் சாக்கின் மடிப்பும் தெரியும். ஆக, ஷட்டரைத் திருப்பும் விரல் வெறும் கணக்குப் பார்க்கவில்லை. யார் பதிய வேண்டும், யார் கரைய வேண்டும் என்று தீர்ப்பும் சொல்கிறது. அத்தீர்ப்பை அறியாமற் சொல்வதைக் காட்டிலும் அறிந்து சொல்வது மேலன்றோ?

அன்று நாம் அந்த இரண்டாவது முறையிலேயே எடுத்தோம். முதல்நாள் மாலையே அத்தொழிலாளரைக் கண்டு பேசி அவர்களுடைய இசைவைப் பெற்றிருந்தோம். இந்நாளில் அச்சரிவுகளில் உழைப்போரில் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் இந்தோனேசியரும் பலர். படமெடுத்த பின் கீழிறங்கி, காமிராவின் திரையில் அதைக் காட்டினோம். வங்காளதேசத்து வாலிபர் ஒருவர் அதனை உற்றுப் பார்த்துவிட்டு, தம் கைத்தொலைபேசிக்கு அனுப்ப முடியுமா என்று மலாய் மொழியில் கேட்டார். நான்கு ஆண்டுகளாய் இங்கே இருக்கிறாராம். பட்டணத்துக் கடைத்தெருவில் நின்று எடுத்த படங்களைத்தான் வீட்டிற்கு அனுப்பியிருக்கிறாராம். “நான் எங்கே வேலை செய்கிறேன் என்று என் தாயார் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இதைக் காட்டினால் போதும்,” என்றார். மலையும், பனியும், வெயிலும், அவரும் ஒன்றாயிருந்த படம் அதற்கு முன் அவருக்குக் கிடைத்ததே இல்லை. நாள்தோறும் நூறு காமிராக்கள் அவரிருக்கும் திசையை நோக்கித் திரும்புகின்றன. அத்தனையும் அவர் விலகிப் போவதற்காகவே காத்திருக்கின்றன!

இதனைக் கேட்ட நம் இளைஞர் ஒன்றும் பேசவில்லை. திரும்பும் வழியில், கணிப்பொறியில் மனித உருவங்களைத் துடைத்தெடுக்கும் வித்தையைப் பற்றி வழக்கமாய்ச் சொல்வாரே, அதையும் அன்று சொல்லவில்லை.

தோட்டத்துப் படத்தில் தோட்டத்தாள் இல்லாமை நமக்குப் புதிதன்று. 1867ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் லாம்பர்ட் எனும் ஜெர்மானியர் புகைப்பட நிலையம் தொடங்கினார். அவர் நிலையத்தார் இத்தீபகற்பத்தின் காட்சிகளை எடுத்து விற்றனர். அவ்வாறு எடுக்கப்பட்ட அந்நாளைய தோட்டப் படங்களில் தோட்டத்தின் பெயரோ ஊரின் பெயரோ காணப்படும். மரத்தடியில் நின்ற தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் காணப்படாது. மரம் எவ்வளவு பெரிதென்று காட்டும் அளவுகோலாக அவர் நிறுத்தப்பட்டார். இன்றைய நாட்காட்டிப் படங்களில் அந்த அளவுகோலும் போய்விட்டது. மளிகைக் கடையில் கொடுத்த அத்தகைய தேயிலைமலை நாட்காட்டி ஒன்றைப் பார்த்துவிட்டு நம் தாயார், “ஏம்ப்பா, இந்தத் தோட்டத்துக்கு ஆளே கிடையாதா?” என்று கேட்டார். அவர் கேட்டது நாட்காட்டி அச்சிட்டவரை மட்டுமன்று என்பது நம் கருத்து.

“அப்படியாயின் ஆளில்லாத படம் எடுப்பதே தவறா?” என்று சிலர் கேட்கலாம். தவறில்லை. பிரிஞ்சாங் உச்சியின் பாசிக்காட்டில், மரக்கிளைகளெல்லாம் பச்சைக் கம்பளி போர்த்து நிற்க, அவற்றினூடே மேகம் புகுந்து செல்லும் காலையை ஆளில்லாமல் எடுத்தால் அதுவே முறை. அங்கே மனிதன் விருந்தாளி. மனிதன் இல்லாத இடத்தில் அவனைக் கொண்டுபோய் நிறுத்துவதும் பொய். மனிதன் ஆக்கிய இடத்திலிருந்து அவனை அகற்றுவதும் பொய். நாம் வேண்டுவது உண்மையொன்றே. சரிவுகளிலே மின்னும் நெகிழிக் கூடாரங்களையும், காடு வெட்டப்பட்ட செம்மண் காயங்களையும் சட்டத்திற்கு வெளியே தள்ளிவிட்டு, “மாசற்ற மலைநாடு” என்று தலைப்பிடுவதும் அவ்வாறே பொய்யாகும்.

வானத்தின் செம்மையைக்கூட விசாரித்தே வியக்க வேண்டும். 1997, 2015, 2019ஆம் ஆண்டுகளில் அண்டை நாட்டுக் காடுகளும் சதுப்புக் கரிமண்ணும் எரிந்த புகை நம் நாட்டை மூடிற்று. அந்நாட்களில் சூரியன் நண்பகலை நெருங்கியும் சிவந்த தட்டுப்போல் தோன்றிற்று. வெறுங்கண்ணால் பார்க்கலாம்போல் மங்கி நின்றது. அதனை எடுத்து “எழிற்கோலம்” என்று எழுதினோருமுண்டு. அந்தச் செம்மை, பள்ளிகள் மூடப்பட்டதன் நிறம். இருமும் குழந்தையின் நெஞ்சிலிருந்த புகையின் நிறம். படமெடுக்க வேண்டியதுதான், ஆனால் தலைப்பில் புகை என்று எழுதிவிட வேண்டும்.

இப்பொழுது நம் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டியதற்கு வந்துவிட்டோம். தோழர்களே! பெருங்காமிரா வேண்டுமென்பதில்லை, உங்கள் சட்டைப் பையிலிருக்கும் கைத்தொலைபேசியே தொடக்கத்திற்குப் போதும். வேண்டுவது அதிகாலையில் எழும் மனமும், நின்று பார்க்கும் பொறுமையுமே. தொலைதூர மலைக்கு ஓட வேண்டுமென்பதுமில்லை. நம் பாட்டனாரும் பாட்டியாரும் உழைத்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறிவிட்டன. பல துண்டு துண்டாக விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டன, தோட்டப் பள்ளிகள் இடம் மாறின, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர்ந்தனர். எஞ்சியிருக்கும் பால்மரக் காடு ஒன்று உங்களுக்கு அரைமணிப் பயணத்தில் இருக்கக்கூடும். அடுத்த ஆண்டு அது இருக்குமென்பதற்கு உறுதியில்லை.

ஆகையால் ஒரு விடியற்காலையில் அங்கே போங்கள். உங்கள் வீட்டிலுள்ள முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்த மரவரிசை யாருடைய நிரை, எங்கே பால் நிறுத்தார்கள், எந்த மேட்டில் நின்றால் முதல் வெயில் முகத்திலடிக்கும் என்பவையெல்லாம் அவருக்குத் தெரியும். வானத்தைப் பார்த்து மழை வருமா என்று அவரையே கேளுங்கள். எந்த வானிலை அறிக்கையும் அந்த ஒரு மேட்டிற்கென்று தனியே எழுதப்படுவதில்லை; அவரோ அதனை ஆயிரம் காலை படித்தவர். அவரை மரத்தடியில், பக்கவாட்டு வெயில் முகத்தில் விழும்படி நிறுத்தி எடுங்கள். வெயில் வராமற் போனாலும் கவலற்க. மேகம் மூடிய காலையின் மெல்லொளி முகச்சுருக்கங்களுக்கு மிக இணக்கமானது. மரம், வானம், மண், மனிதர் நான்கும் ஒரு சட்டத்திற்குள் வரட்டும். பிறகு, தவறாமல், அதனை அச்சிட்டு, அச்சின் பின்புறத்தில் நாள், நேரம், தோட்டத்தின் பெயர், பிரிவின் எண், அவருடைய பெயர் இவ்வளவையும் எழுதிவையுங்கள். கைத்தொலைபேசி பழுதாகும், மாற்றப்படும். எழுதிய தாள் பேரப்பிள்ளைகள் கையிலிருக்கும்.

இவ்வாறு வீட்டுக்கொரு படம் சேர்ந்தால், நம்மவர் இந்நாட்டு மண்ணில் பட்ட பாட்டிற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. பொன்னொளி நிற்பது இருபத்தைந்து நிமிடமே. தோட்டத்தை அறிந்த முதியவர்கள் நம்மோடு இருப்பதும் நீண்ட காலமன்று. நாளைக் காலை வானம் தெளிந்திருக்கிறதா என்று இன்றிரவே ஒருமுறை வெளியில் வந்து பாருங்கள்.